சும்மா சீனரிதானே? நிலக்காட்சி ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியக் கண்காட்சி எங்கே நடந்தாலும் இரண்டு மூன்று நண்பர்களை இழுத்துக்கொண்டு போவது என் பழக்கம். தெய்வப் படம், ராஜா படம் முன்னால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். மலையும் மரமும் மட்டும் இருக்கிற படம் வந்தால், "இதில் என்ன இருக்கிறது, சும்மா சீனரிதானே?" என்று நகர்ந்துவிடுவார்கள். அந்தச் "சும்மா"வுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த கேள்விகள் இவை. முழு வரலாற்றையும் சொல்லும் உத்தேசம் இல்லை. எனக்குப் பிடித்த இடங்களில் அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

நிலக்காட்சி ஓவியம் என்றால் எது? பின்னால் நாலு மரம் இருந்தால் போதுமா?

போதாது. ஒரு சின்ன சோதனை இருக்கிறது. படத்தில் உள்ள ஆட்களை விரலால் மறைத்துப் பாருங்கள். ரவி வர்மாவின் தமயந்தியை மறைத்தால் படமே போய்விடும். பின்னால் இருக்கும் தோட்டத்தால் தனியே நிற்க முடியாது. ப்ரூகல் 1565-இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் படத்தில் அந்த மூன்று வேட்டைக்காரர்களையும் நாய்களையும் மறைத்தாலும், கீழே பரந்து கிடக்கும் பள்ளத்தாக்கும் உறைந்த குளங்களும் உங்களை விடாது. இரண்டாவதுதான் நிலக்காட்சி. ஆள் இருக்கலாம், மாடு இருக்கலாம், கப்பல்கூட இருக்கலாம். படம் யாரைப் பற்றியது என்று கேட்டால், இடத்தைப் பற்றியது என்று பதில் வரவேண்டும்.

சொல்லின் கதையும் சுவையானது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் "லேண்ட்ஸ்கேப்" என்ற சொல் டச்சு மொழியின் "லாண்ட்ஸ்காப்"பிலிருந்து 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தது. டச்சில் முதலில் அது ஒரு வட்டாரத்தை, ஒரு நிலப்பகுதியைக் குறித்த சாதாரணச் சொல். ஓவியர்கள் அதைத் தங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்களுக்கு அது போய்ச் சேர்ந்தபோது ஓவியச் சொல்லாகத்தான் போனது. கண்ணெதிரே உள்ள நிலத்தை அப்படிச் சொல்வது பிறகுதான் பழக்கமானது. அதாவது முதலில் படம், அப்புறம் நிலம். நம்முடைய "சீனரி"யும் அப்படித்தான். நாடகக் கம்பெனிகளில் காடு, தெரு, அரண்மனை என்று எழுதித் தொங்கவிட்ட படுதாக்களைச் "சீன்" என்றுதான் சொன்னார்கள். கொடைக்கானலில் நின்றுகொண்டு "என்ன சீனரி!" என்கிறவர், தெரியாமலே அந்த மலையை ஒரு படுதாவோடு ஒப்பிடுகிறார்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வரைவோமே, இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை. அது எங்கிருந்து வந்தது?

முதலில் வரைந்த புண்ணியவான் யாராக இருந்தாலும், அந்தப் படத்துக்குள் சில பழைய கண்டுபிடிப்புகள் ஒளிந்திருக்கின்றன. ஆறு மலையடிவாரத்தில் ஒரு புள்ளியில் தொடங்கி, நம்மை நோக்கி வர வர அகலமாகிறது இல்லையா? அது பர்ஸ்பெக்டிவ். ஒரே இடத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுபோல் கோடுகளைக் குவிப்பது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸ் நகரில் ப்ரூனெல்லெஸ்கி செய்துகாட்டியது. ஆல்பெர்ட்டி 1435-இல் புத்தகமாக எழுதிவைத்தது.

மலைக்கு நீலம் அடிப்பது இன்னொன்று. பக்கத்தில் போய்ப் பார்த்தால் எந்த மலையும் நீலமில்லை. நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற காற்றுதான் நீலம். லியனார்டோ இதைப் பற்றிக் குறிப்பேடுகளில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியர் பாட்டினிர் இதை ஒரு சூத்திரமாகவே ஆக்கிவிட்டார்: முன்னால் பழுப்பு, நடுவில் பச்சை, தூரத்தில் நீலம். மூன்றாம் வகுப்பு கிரேயான் பெட்டியில் இருப்பதும் அதே சூத்திரம்தான்.

உலகின் முதல் நிலக்காட்சி ஓவியம் எது?

"முதல்" என்று கேட்டால் எப்போதும் சண்டைதான். ஆனால் மனதில் நிற்பது ஒன்றுண்டு. கிரேக்கத் தீவான சாந்தோரினியில், எரிமலைச் சாம்பலுக்கடியில் புதைந்த அக்ரோத்திரி என்ற ஊர். அங்கே ஒரு சின்ன அறையின் மூன்று சுவர்களிலும் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பாறைகள், பாறைமேல் அல்லிமலர்க் கொத்துகள், மேலே ஜோடி சேரும் தகைவிலான் குருவிகள். ஆள் ஒருவர்கூட இல்லை. வயது சுமார் 3,600 ஆண்டுகள். இப்போது ஏதென்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்தது ரோம். அகஸ்டஸ் சீசரின் மனைவி லிவியாவின் மாளிகையில், பாதி நிலத்தடியில் அமைந்த ஓர் அறையின் நாலு சுவரிலும் தோட்டம்: மாதுளை, சீமைமாதுளை, பறவைகள், முன்னால் ஒரு தாழ்ந்த வேலி. வெயிலுக்குப் பயந்து கீழே இறங்கிய சீமாட்டிக்குச் சுவரிலேயே தோட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே காலத்தில் ஸ்டூடியஸ் என்றொரு ஓவியர் துறைமுகம், குன்று, மீன்குளம், மாளிகை எல்லாவற்றையும் குறைந்த செலவில் சுவரில் எழுதித் தருவார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்துவைத்திருக்கிறார். அந்தக் காலத்து வால்பேப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நிலத்தைச் சுவரில் மாட்டிக்கொள்கிறவர் யாரும் அந்த நிலத்தில் உழுகிறவராக இருப்பதில்லை. நகரத்தில், மாளிகையில், அலுவலில் அடைபட்டவருக்குத்தான் நிலம் "காட்சி" ஆகிறது. மேலே போகப் போக இது திரும்பத் திரும்ப வரும்.

சீனாவில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் இது பெரிய கலை ஆனது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

சீன மொழியில் நிலக்காட்சிக்குச் சொல் "ஷான் ஷுயி", அதாவது மலை-நீர். 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோங் பிங் என்பவர் மலை மலையாகச் சுற்றியவர். வயதாகி உடம்பு தளர்ந்ததும், பார்த்த மலைகளை எல்லாம் வீட்டுச் சுவரில் வரைந்து, படுத்துக்கொண்டே அவற்றில் உலாவினார். "படுத்தபடி பயணம்" என்ற தொடரே அவர் பெயரோடு சேர்ந்து நிலைத்துவிட்டது.

சோங் பேரரசின் காலத்தில், அதாவது 10 முதல் 13-ஆம் நூற்றாண்டுவரை, இது உச்சத்துக்குப் போனது. தேர்வெழுதி வேலைக்கு வந்த அதிகாரிகள் தலைநகரில் அடைபட்டுக் கிடந்தார்கள். குவோ ஷி என்ற அரண்மனை ஓவியர் இதை நேராகவே சொல்கிறார் (அவர் சொன்னதை மகன் தொகுத்து வைத்தார்): நல்ல மனிதனுக்கு மலையில் போய் இருக்க ஆசை, ஆனால் அரசனுக்கும் பெற்றோருக்கும் செய்யவேண்டிய கடமை அவனை ஊரில் கட்டிப்போடுகிறது, எனவே கைதேர்ந்த ஓவியன் மலையை அவன் அறைக்கே கொண்டுவந்து தருகிறான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆபீஸ்காரரின் ஏக்கம்!

அந்த ஏக்கத்துக்கு வந்த பதில் சாதாரணமானதில்லை. கி.பி. 1000-ஐ ஒட்டி ஃபான் க்வான் வரைந்த ஒரு பட்டுச்சுருள் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். அதில் முக்கால்வாசி ஒரே மலை. வலப்பக்கம் கீழே எறும்புபோல ஒரு கழுதைக் கூட்டம், ஓட்டிச்செல்லும் ஆட்கள். முதல் பார்வையில் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். பட்டதும்தான் மலையின் உயரம் உறைக்கும். ஓவியர் தம் பெயரை அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்து இலைகளுக்குள் எழுதி ஒளித்துவைத்திருந்தார். அது ஒரு ஆய்வாளர் கண்ணில் பட்டது 1958-இல். தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் மனிதர் இலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

சீனர்களிடம் ஒற்றைக் கண் பர்ஸ்பெக்டிவ் இல்லை, அவர்கள் அதைத் தேடவும் இல்லை. குவோ ஷி மூன்று விதத் தூரம் சொன்னார்: கீழிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது, முன்மலைக்குப் பின்னால் உள்ள மலைகளுக்குள் ஆழமாகப் பார்ப்பது, இங்கிருந்து அங்கே சமமாக நோக்குவது. மூன்றும் ஒரே படத்தில் வரலாம். நெடுஞ்சுருள் ஓவியத்தை வலமிருந்து இடமாக, ஒரு கை நீளம் ஒரு கை நீளமாக விரித்துச் சுருட்டிக்கொண்டே பார்க்கவேண்டும். நடந்துபோகிறவனுக்குத் தெரிகிற மாதிரி நிலம் வந்துகொண்டே இருக்கும். வாங் ஷிமெங் என்ற 18 வயதுப் பையன் 1113-இல் முடித்த ஆறும் மலையும் சுருள் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம்.

இன்னொரு சுருளின் விதி சினிமாவையே மிஞ்சும். ஹுவாங் கோங்வாங் 1350-இல் முடித்த ஃபுசுன் மலைச் சுருளை, 1650-இல் அதன் சொந்தக்காரர் சாகும் தறுவாயில் தீயில் போடச் சொன்னார், கூடவே கொண்டுபோக. மருமகன் முறையுள்ள ஒரு உறவுக்காரர் பாய்ந்து எடுத்தார். ஆனாலும் சுருள் எரிந்து இரண்டாகிவிட்டது. சிறு துண்டு இன்று சீனாவின் ஹாங்சௌவில், பெரிய துண்டு தைவானின் தைபேயில். 2011-இல் தைபேயில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

நம்மிடம் ஐந்திணை இருந்ததே. அப்புறம் ஏன் நிலக்காட்சி ஓவியம் வளரவில்லை?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. குறிஞ்சியும் நெய்தலும் பாட்டில் வந்த அளவுக்குச் சுவரில் வரவில்லை என்பது உண்மைதான். பாட்டில் நிலம் வந்ததும் வேடிக்கை பார்ப்பதற்காக இல்லை. காத்திருக்கும் மனசைச் சொல்ல முல்லை, பிரிவைச் சொல்ல பாலை. நிலமே மனநிலையாகிவிட்ட பிறகு அதைத் தனியாகப் படமாக்கும் தேவை எழவில்லையோ என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம், அவ்வளவுதான்.

மிஞ்சியிருக்கும் நம் பழைய ஓவியங்கள் பெரும்பாலும் கோயில் சுவர்களில் இருப்பவை. அவற்றின் வேலை கதை சொல்வது. தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் முடிந்தது, ஏறத்தாழ ஃபான் க்வானின் காலம்தான். உள்சுற்றுச் சுவரில் சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போகிறார். அந்தக் கயிலை மலை அவருக்காக இருக்கிறதே தவிர, மலைக்காக இல்லை.

ஒரு விதிவிலக்கு மாதிரி சித்தன்னவாசல். 9-ஆம் நூற்றாண்டுச் சமணக் குகைக்கோயிலின் கூரையில் தாமரைக்குளம்: மீன்கள், பறவைகள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் ஆட்கள். சமவசரணத்தை, அதாவது தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் தெய்வீக மண்டபத்தைச் சேர்ந்த ஒரு குளம் என்று சமய விளக்கம் உண்டு. ஆனால் விரல் சோதனையை அங்கே செய்து பாருங்கள். ஆட்களை மறைத்தாலும் குளம் குளமாகவே இருக்கிறது.

ஐரோப்பாவில் நிலம் எப்படிப் பின்னணியிலிருந்து முன்னால் வந்தது?

மெதுவாக, சாக்குச் சொல்லிக்கொண்டு. சியெனா நகர மண்டபத்தில் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி 1338-39-இல் நல்லாட்சியால் விளையும் பயன்களை எழுதினார். அதற்காக வயல், திராட்சைத் தோட்டம், சந்தைக்குப் போகும் கழுதை எல்லாம் வந்தன. சாக்கு: அரசியல். 1444-இல் கான்ராட் விட்ஸ், இயேசு நீர்மேல் நடக்கும் காட்சியை ஜெனீவா ஏரியில் நடப்பதாகவே வரைந்துவிட்டார். பின்னால் உள்ள மலைகளை உள்ளூர்க்காரர்கள் இன்றும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். சாக்கு: பைபிள்.

லியனார்டோ 1473 ஆகஸ்ட் 5 என்று தேதி போட்டு ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பேனாவால் கோடிட்டார். அது விற்பதற்கு வரைந்த படமில்லை. விற்பதற்கு வரைந்தவர் பாட்டினிர். அவர் படங்களில் ஒரு துறவியோ மாதாவோ மூலையில் சுண்டுவிரல் அளவில் இருப்பார்கள். மீதி எல்லாம் பாறையும் நதியும் நீலத் தூரமும். 1521-இல் அவர் கல்யாணத்துக்குப் போன ஜெர்மன் ஓவியர் ட்யூரர் தம் நாட்குறிப்பில் அவரை நல்ல நிலக்காட்சி ஓவியர் என்று எழுதினார். அதே காலத்தில் டான்யூப் நதிக்கரையில் அல்ட்டார்ஃபர் சாக்கே இல்லாமல், ஆளே இல்லாமல், ஒரு கோட்டையும் காடும் வானமும் மட்டும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். சின்னஞ்சிறு படம். இப்போது மியூனிக்கில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் பெயர் இந்த விஷயத்தில் ஏன் எப்போதும் வருகிறது?

முதன்முதலாகச் சந்தை அவர்களிடம்தான் உருவானது. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிடமிருந்து விடுபட்டுக்கொண்டிருந்த நாடு. கால்வின் வழி வந்த புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தைப் பின்பற்றிய தேவாலயங்கள் படங்களை அகற்றிவிட்டன. பெரிய அரசவையும் இல்லை. கையில் காசுள்ள வியாபாரிகளும் கைவினைஞர்களும் வீட்டுக்கு மாட்ட நடுத்தர விலையில் படம் கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ரோமாபுரி இல்லை. தங்கள் ஊர் மணல்மேடு, வாய்க்கால், காற்றாலை. அந்த நிலத்தில் கணிசமான பகுதி ஏரியையும் கடலையும் வற்றவைத்துக் கைப்பாடு பட்டு எடுத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நாடு தட்டையானது, அதனால் தொடுவானத்தைக் கீழே இறக்கி, படத்தில் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்கே கொடுத்துவிட்டார்கள். யான் வான் ஹோயன் பழுப்பு, சாம்பல் என இரண்டு மூன்று நிறங்களை வைத்துக்கொண்டு படபடவென்று வரைந்தார். நிறம் குறைந்தால் செலவும் குறைவு, நேரமும் மிச்சம். சுமார் 1,200 படங்கள் வரைந்தவர், துலிப் கிழங்கு ஊகவணிகத்தில் பணத்தைப் போட்டுக் கடனாளியாகவே செத்தார். ராய்ஸ்டால் ஹார்லெம் நகரைத் தூரத்தில் ஒரு கோடாக வைத்து, முன்னால் வெளுக்கப் போட்ட லினன் துணிகள் வெயிலில் கிடக்கும் வயல்களைக் காட்டினார். மேகம் நகர நகர ஒரு பட்டை நிலத்தில் மட்டும் வெளிச்சம் விழும். ஊரின் தொழில் துணி வெளுப்பது. வாங்குகிறவருக்குத் தன் பிழைப்பே அழகாகத் தெரிந்திருக்கும். ஹொபெமா 1668-இல் ஆம்ஸ்டர்டாமில் மது வரித் துறை வேலைக்குப் போனபின் குறைவாகத்தான் வரைந்தார். ஆனால் மிடல்ஹார்னிஸ் ஊர் மரச்சாலையை 1689-இல் வரைந்தாரே, அந்த ஒன்று போதும்.

ஒரு குட்டிக் கதை. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் வான் ஆந்தோனிசன் 1641-ஐ ஒட்டி வரைந்த ஒரு கடற்கரைப் படம். குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் மணலில் நிற்கிறார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்றே புரியாது. 2014-இல் பழைய வார்னிஷைச் சுத்தம் செய்தபோது அடியிலிருந்து கரையொதுங்கிய ஒரு திமிங்கிலம் வெளிவந்தது. செத்த திமிங்கிலத்தை வீட்டில் மாட்ட மனமில்லாத யாரோ மேலே கடலைப் பூசியிருக்கலாம். சும்மா சீனரியாக இருந்தது ஒரே நாளில் செய்திப்படம் ஆகிவிட்டது.

இவ்வளவு விற்றும் இதைத் தாழ்ந்த வகை என்றார்களாமே?

ஆமாம். 1667-இல் பிரெஞ்சு அரச ஓவிய அகாதமியின் ஃபெலிபியன் ஏணி ஒன்று போட்டார். உச்சியில் புராண, வரலாற்றுக் காட்சிகள், பிறகு உருவப்படம், கீழே கீழே வந்தால் விலங்குகள், நிலக்காட்சி, கடைசியில் பழமும் பூவும். மனிதன் கடவுளின் உச்சப் படைப்பு, எனவே மனிதனை வரைபவனே உயர்ந்தவன் என்பது வாதம்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ரோமில் வாழ்ந்த கிளாட் லொர்ரேன் தங்க வெயில், பாழடைந்த தூண்கள், மரங்கள் என்று வரைந்து, ஓரத்தில் ஒரு புராணப் பாத்திரத்தை நிறுத்திவிடுவார். போலிகள் பெருகியதால், தாம் வரைந்த படங்களைக் கோட்டோவியமாக ஒரு புத்தகத்தில் பதிந்துவைத்தார். ஏறக்குறைய 200 பக்கங்கள், இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில். பாரிஸ் அகாதமி 1817-இல்தான் நிலக்காட்சிக்குத் தனிப் பரிசு வைத்தது. அதுவும் "வரலாற்று" நிலக்காட்சிக்கு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. 1863-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நிஜமாகவே அந்த இடத்தில் உட்கார்ந்துதான் வரைந்தார்களா?

பெரும்பாலும் இல்லை. வெளியே போய்ப் பென்சிலில் குறிப்பெடுப்பார்கள். படம் உருவாவது அறைக்குள். அறைக்குள் வந்தால் கை சும்மா இருக்குமா? ராய்ஸ்டாலின் பென்ட்ஹைம் கோட்டை மலைமேல் கம்பீரமாக நிற்கும். நேரில் அது ஒரு சாதாரண மேடுதான்.

தடை பெரும்பாலும் சாமான்தான். அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி எடுத்துப்போகவேண்டும். குத்திப் பிதுக்கினால் திரும்ப மூட வராது. 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மடித்துப் பிதுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டுகளில் பாரிஸிலிருந்து ரயில் பாதைகள் பிரிந்து ஓடின. டியூபும் ரயில் டிக்கெட்டும் இல்லாமல் இம்ப்ரெஷனிசம் (வெளிச்சத்தைப் பிடிக்க வெளியே போன பிரெஞ்சு ஓவியர்களின் இயக்கம்) இல்லை என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

கான்ஸ்டபிளா, டர்னரா?

இரண்டு பேருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். கான்ஸ்டபிள் மாவரைக்கும் ஆலைக்காரரின் மகன். நிலத்தில் உழைக்கிறவர் அதைக் காட்சியாக்குவதில்லை என்று நான் மேலே சொன்ன விதிக்கு அவர் பாதி விலக்கு. தம் அப்பாவின் ஆலைப் பக்கத்து ஆற்றையே திரும்பத் திரும்ப வரைந்தார். ஆனால் வரைந்தது லண்டனில் இருந்துகொண்டு. அவருடைய வைக்கோல் வண்டிப் படம் 1821-இல் லண்டனில் விலை போகவில்லை. 1824-இல் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கியது. 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட் குன்றில் வெறும் மேகங்களை மட்டும் வரைந்து தள்ளினார். பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசை. விவசாயி வானத்தைப் பார்க்கிற மாதிரியான பார்வை அது.

டர்னருக்கு வானிலை ஒரு போதை. 1844-இல் மழைக்குள் சீறிவரும் ரயிலை வரைந்தார். தண்டவாளத்தில் அதற்கு முன்னால் ஒரு முயல் ஓடுகிறது. 1832 கண்காட்சியில் இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கான்ஸ்டபிள் பல ஆண்டு உழைத்த, சிவப்பு மின்னும் படம். டர்னருடையது சாம்பல் நிறக் கடல். வந்து பார்த்தார், தம் கடலில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார், போய்விட்டார். அது ஒரு மிதவை ஆனது. கான்ஸ்டபிளுக்குத் துப்பாக்கியால் சுட்டமாதிரி இருந்ததாம். பிரமிப்புக்கு டர்னர்; கூட வாழ்வதற்கு எனக்குக் கான்ஸ்டபிள்.

முதுகைக் காட்டி நிற்கும் ஆள் ஒருவர் படம் அடிக்கடி கண்ணில் படுகிறதே?

ஜெர்மானியர் ஃபிரீட்ரிக், 1818-ஐ ஒட்டி வரைந்தது. படத்தில் உள்ளவர் நமக்கு முதுகைக் காட்டுவதால் அவர் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். அதைவிடத் துணிச்சலானது 1808 முதல் 1810வரை வரைந்த கடலோரத் துறவி: மணல், கடல், வானம், ஒரு துளி ஆள். முதலில் கப்பல்கள் வரைந்து, பிறகு அவரே அழித்திருக்கிறார் என்று வண்ணத்துக்கு அடியில் ஊடுருவி எடுத்த படங்களில் தெரிந்தது. அங்கே திமிங்கிலத்தை மறைத்தது வேறு யாரோ; இங்கே கப்பலை எடுத்தது ஓவியரே.

இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ன புதிதாகச் செய்தார்கள்?

பொருளை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பிடித்தார்கள். மோனேயின் "இம்ப்ரெஷன், சூரியோதயம்" என்ற லாவர் துறைமுகப் படம் 1872-இல் வரைந்தது. 1874 கண்காட்சியில் அதைப் பார்த்த ஒரு விமர்சகர், அரைகுறை வால்பேப்பர்கூட இதைவிட முழுமை என்று கிண்டலடித்தார். கிண்டலில் வந்த பெயரே இயக்கத்துக்கு நிலைத்தது. 1890-91-இல் வைக்கோற்போர்களைக் காலை, மாலை, பனி, உருகும் பனி என்று ஏறத்தாழ 25 படங்களாக வரைந்தார். படத்துக்கு ஒரு நேரம்; வெளிச்சம் மாறினால் அடுத்த கேன்வாஸ்.

ஜப்பானையும் சொல்லவேண்டும். ஹொகுசாய் 1830-களின் தொடக்கத்தில் ஃபூஜி மலையின் 36 காட்சிகளை மர அச்சில் வெளியிட்டார் (விற்பனை நன்றாகப் போகவே 46 ஆனது). அந்த நீலம் பெர்லினில் பிறந்த பிரஷ்யன் நீலம். தாழ்ந்த தொடுவானம் மேற்கத்தியப் படங்களைப் பார்த்துக் கற்றது. அப்புறம் அந்த அச்சுகள் பாரிஸுக்குப் போய் மோனே வீட்டுச் சுவர்களை நிறைத்தன. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

இந்தியாவுக்கு ஐரோப்பிய பாணி நிலக்காட்சி எப்படி வந்தது?

கம்பெனி கப்பலில். குக் மாலுமியோடு பசிபிக் சுற்றிய வில்லியம் ஹாட்ஜஸ் 1780-இல் மதராஸில் இறங்கினார்; ஹைதர் அலியுடன் நடந்த போரால் ஊரைவிட்டு வெளியே போகமுடியாமல் முடங்கினார். பிறகு வந்தவர்கள் தாமஸ் டேனியலும் சகோதரர் மகன் வில்லியமும். 1792-இல் மதராஸிலிருந்து கிளம்பி மைசூர்ப் போர் நடந்த மலைக்கோட்டைகள், மதுரை, பாபநாசம் அருவி, தஞ்சை, திருச்சி என்று சுற்றினார்கள். கேமரா ஆப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டியில் விழும் பிம்பத்தின்மேல் கோடிழுத்து அளவு பிடிப்பார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 அச்சுப்படங்களாக அவை வெளிவந்தன.

அந்தப் படங்களில் தஞ்சைக் கோபுரம் கச்சிதமாக இருக்கும். சுற்றிலும் ஒரு தூக்கம். போர் முடிந்து சில மாதங்களே ஆன நிலத்தில் மரநிழலில் இரண்டு பேர் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். கைக்கு வந்த நிலம் அமைதியாக இருக்கிறது என்று லண்டன்காரருக்குக் காட்டுகிற படமாகவும் அதைப் பார்க்கலாம். ராணுவ மாணவர்களுக்கு நிலக்காட்சி வரைவது அப்போது பாடமாகவே இருந்தது. உல்விச் ராணுவ அகாதமியில் 1768 முதல் கற்றுக்கொடுத்தவர் பால் சாண்ட்பி, பேர்பெற்ற நீர்வண்ண ஓவியர். மேடு பள்ளம் தெரிந்தால்தானே பீரங்கி வைக்கமுடியும்.

அமெரிக்காவிலும் இதே இரட்டை வேலைதான். தாமஸ் மோரன் வரைந்த யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்குப் படத்தை 1872-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் 10,000 டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு அந்த இடம் தேசியப் பூங்கா ஆனது. காலங்காலமாக அங்கே நடமாடிய பழங்குடிகளின் இடம் பின்னர் "மனிதர் தொடாத" நிலமாகப் பேசப்பட்டது.

போட்டோ வந்தபிறகும் எதற்கு வரையவேண்டும்?

போட்டோ அறிவிக்கப்பட்ட 1839-லிருந்தே கேட்கிற கேள்வி. செசான் ஒரே சான்-விக்துவார் மலையை எண்ணெய் வண்ணத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட தடவை வரைந்தார். மலை எப்படி இருக்கிறது என்பது அவருக்கு முதல் படத்திலேயே தெரியும். நம் ராம்குமார் 1960-இல் காசிக்குப் போய், படித்துறையில் அவ்வளவு கூட்டம் இருந்தும் ஆட்களை எல்லாம் விட்டுவிட்டுச் சுவரும் படியும் நீரும் மட்டும் வரையத் தொடங்கினார். கேமரா அப்படி விடாது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

டேனியல்களின் எண்ணெய் வண்ணப் படங்களுக்குக் கொல்கத்தா விக்டோரியா மெமோரியல். இமயத்தை வரைந்தே வாழ்நாளை முடித்த ரஷ்யர் ரோரிக்குக்கு, குலு பள்ளத்தாக்கின் நக்கர் ஊரில் அவர் குடியிருந்த வீடு. வெளிநாடு போகமுடியாவிட்டால் பரவாயில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது, பிரஷ் தடம்வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். தைபே போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஃபான் க்வானின் பட்டு நைந்துபோகும் என்பதால் அதை எப்போதாவதுதான், அதுவும் சில வாரங்கள்தான் வெளியே எடுக்கிறார்கள். சித்தன்னவாசலுக்குப் புதுக்கோட்டையிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது. காலையிலேயே போய்விடுங்கள், பாறை சூடேறினால் கால் வைக்கமுடியாது.